பைலே இல்லை, ஆனாலும் இடம் இல்லை!

"டிஸ்கில் இடம் இல்லை" என்று கம்ப்யூட்டர் மெசேஜ் காட்டினால் நாம் என்ன செய்வோம்? ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வோம். பார்த்து முடித்த சினிமாவை அழிப்போம். டெம்ப் போல்டரில் சேர்ந்த குப்பையைக் கூட்டித் தள்ளுவோம். இடம் கிடைத்துவிடும்.

அழிப்பதற்கு ஒரு பைல் கூட இல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் "இடம் இல்லை" என்று அடம் பிடித்தால்? லினக்ஸ் சிஸ்டத்தில் 2013 முதல் 2019 வரை இப்படி ஒரு பிழை ஒளிந்திருந்தது. ஹார்ட் டிஸ்கில் அல்ல, ராம் மெமரிக்குள் அமைக்கப்படும் ஒரு பைல் சிஸ்டத்தில். இடம் காலியாகத்தான் இருந்தது. இடத்துக்கான கணக்கு நோட்டில்தான் தப்பு. விண்டோஸ் மட்டும் பயன்படுத்துபவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பழுதான கம்ப்யூட்டரிலிருந்து போட்டோக்களைக் காப்பாற்ற என்றாவது ஒரு நாள் லினக்ஸ் பென் டிரைவைச் செருகும்போது இந்த விஷயம் உங்களுக்கு உதவும்.

மெமரிக்குள் ஒரு டிரைவ்

ராம் மெமரி வேகமானது. கரண்ட் போனால் அதில் உள்ளது எல்லாம் போய்விடும். ஹார்ட் டிஸ்க் மெதுவானது; ஆனால் எழுதியது நிற்கும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். சில நிமிடம் மட்டும் தேவைப்படும் தற்காலிக பைல்களை எதற்காக டிஸ்கில் எழுத வேண்டும், மெமரியிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்ற யோசனை மிகப் பழையது. 1985-ல் வந்த அமிகா கம்ப்யூட்டரிலேயே ராம் டிஸ்க் இருந்தது. எம்.எஸ். டாஸில் ராம்டிரைவ் என்ற வசதி உண்டு. விண்டோஸ் 98 ஸ்டார்ட்அப் பிளாப்பியில் பூட் செய்தவர்களுக்கு நினைவிருக்கலாம்: வழக்கமாக டி என்று இருக்கும் சிடி டிரைவ் திடீரென இ ஆகிவிடும். டி என்ற எழுத்தை மெமரிக்குள் உருவான ராம் டிரைவ் பிடித்துக்கொள்வதுதான் காரணம். எத்தனை பேர் அன்று சிடி டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்தார்களோ!

அந்தப் பழைய ராம்டிரைவில் ஒரு குறை. இத்தனை எம்பி என்று முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். பைல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மெமரி வேறு எதற்கும் பயன்படாது. 1980களின் இறுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தன் யுனிக்ஸ் சிஸ்டத்தில் இதற்கு நல்ல தீர்வு கண்டது. அதன் பெயர் டெம்ப் எப்.எஸ். பைல் எழுத எழுத அது வளரும், அழிக்க அழிக்கச் சுருங்கும். லினக்ஸில் இந்த வசதி 2001-ல் வந்த 2.4 கெர்னலிலிருந்து உள்ளது.

வளரும் என்றால் எதுவரை? கடிவாளம் இல்லாவிட்டால் ஒரு புரோகிராம் மெமரி முழுவதையும் விழுங்கிவிடும். அதனால் லினக்ஸ் இரண்டு வரம்புகளை வைக்கிறது. ஒன்று அளவு: நாமாக எதுவும் சொல்லாவிட்டால் மொத்த ராமில் பாதி. 4 ஜிபி ராம் என்றால் டெம்ப் எப்.எஸ். 2 ஜிபி வரை வளரலாம். இன்னொன்று எண்ணிக்கை, அதாவது எத்தனை பைல்கள் என்பது. ராமை கெர்னல் 4 கேபி பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பக்கங்களின் எண்ணிக்கையில் பாதிதான் பைல்களின் உச்சவரம்பு. 4 ஜிபி ராமில் பக்கங்கள் 10,48,576. எனவே பைல்கள் 5,24,288 வரை இருக்கலாம். ஒரு பைலைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் சிறு பதிவுக்கு ஐநோட் என்று பெயர். ஒரு பைலுக்கு ஒரு ஐநோட். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்னத் தகவல். ஒரே ஒரு எழுத்து உள்ள பைலும் இங்கே முழுதாக ஒரு பக்கத்தை, அதாவது 4 கேபியை எடுத்துக்கொள்ளும். 1,00,000 குட்டி பைல்கள் போட்டால் ஏறத்தாழ 400 எம்பி மெமரி போய்விடும்.

சைக்கிள் ஸ்டாண்டு கணக்கு

பிழைக்கு வருவதற்கு முன், லினக்ஸில் பைல் அழிப்பது பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸில் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் பைலை அழிக்கப் போனால், பைல் பயன்பாட்டில் உள்ளது என்று பெரும்பாலும் மறுத்துவிடும். லினக்ஸ் மறுக்காது. அழித்துவிட்டேன் என்று பெயரை நீக்கிவிடும். ஆனால் அந்த புரோகிராம் பைலை மூடும் வரை உள்ளே இருக்கும் தகவல் அப்படியே இருக்கும், இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். போல்டரில் தேடினால் தெரியாது. பெயர் வேறு, பைல் வேறு என்பதுதான் யுனிக்ஸ் குடும்பத்தின் வழக்கம். ஒரு பைலுக்குப் பெயரே இல்லாமலும் இருக்கலாம். இரண்டு மூன்று பெயர்களும் இருக்கலாம். கூடுதல் பெயர்களுக்கு ஹார்டு லிங்க் என்று பெயர்.

புரோகிராம் எழுதுபவர்கள் இதைப் புத்திசாலித்தனமாகப் பயன்படுத்தினார்கள். தற்காலிக பைலைத் திறந்த கையோடு அதன் பெயரை அழித்துவிடுவார்கள். புரோகிராம் பாதியில் செத்தாலும் குப்பை தங்காது. வேறு யாரும் பெயரை யூகித்து உள்ளே கை வைக்கவும் முடியாது. 2013 செப்டம்பரில் வந்த லினக்ஸ் 3.11 கெர்னல் இதை ஒரே படியில் செய்யும் வசதியைக் கொண்டுவந்தது: பிறக்கும்போதே பெயரில்லாத பைல். (அந்தப் பதிப்புக்கு லைனஸ் டோர்வால்ட்ஸ் வைத்த செல்லப் பெயர் "லினக்ஸ் பார் வொர்க்குரூப்ஸ்". பழைய விண்டோஸ் 3.11-ஐக் கிண்டல் செய்கிறாராம்!) எழுதி முடித்த பிறகு, பைல் நன்றாக வந்திருந்தால் அதற்கு ஒரு பெயர் சூட்டி போல்டருக்குள் கொண்டுவரவும் முடியும். பாதி எழுதிய பைல் யார் கண்ணிலும் படாது. அருமையான வசதி.

பிழை நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

ஒரு சைக்கிள் ஸ்டாண்டைக் கற்பனை செய்யுங்கள். ஸ்டாண்டுக்காரரிடம் 500 டோக்கன்கள். சைக்கிள் உள்ளே வந்தால் ஒரு டோக்கன் கொடுப்பார், வெளியே போனால் திரும்ப வாங்கிக்கொள்வார். கையில் டோக்கன் தீர்ந்தால் "ஹவுஸ்புல்" போர்டு. டெம்ப் எப்.எஸ். இப்படித்தான் ஐநோட்களை எண்ணுகிறது. ஆனால் அதற்கு ஒரு தனி வழக்கம் உண்டு. ஒரே பைலுக்கு இரண்டாவது பெயர் வைத்தாலும் இன்னொரு டோக்கன் எடுத்துக்கொள்ளும். காரணம் நியாயமானது. ஒவ்வொரு பெயரும் கெர்னலின் மெமரியில் கொஞ்சம் இடம் பிடிக்கிறது. பெயர்களை எண்ணாமல் விட்டால், யாராவது ஒரே பைலுக்கு லட்சக்கணக்கில் பெயர் வைத்தே மெமரியை நிரப்பிவிடலாம்.

சாதாரண பைலுக்குக் கணக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். பைல் பிறக்கிறது, பெயரும் உடன் இருக்கிறது: ஒரு டோக்கன். இரண்டாவது பெயர்: இன்னொரு டோக்கன். ஒரு பெயரை அழித்தால், இன்னும் பெயர் மிச்சம் இருக்கிறதே என்று ஒரு டோக்கன் திரும்பும். கடைசிப் பெயரை அழிக்கும்போது டோக்கன் திரும்பாது. பைலே மறையும்போதுதான் அது திரும்பும். வாங்கியது இரண்டு, கொடுத்தது இரண்டு. சரி.

இப்போது பெயரில்லாமல் பிறந்த பைல். பிறக்கும்போது ஒரு டோக்கன். பிறகு பெயர் சூட்டுகிறோம். கெர்னலுக்கு இது பழைய பைலுக்குக் கூடுதல் பெயர் வைப்பது போலவே தெரிகிறது. இன்னொரு டோக்கனை எடுத்துக்கொள்கிறது. ஆனால் இது கூடுதல் பெயர் அல்ல, முதல் பெயர்! பிறகு அந்தப் பெயரை அழிக்கிறோம். இருந்ததே ஒரு பெயர், அதுவே கடைசிப் பெயர்; எனவே டோக்கன் திரும்பவில்லை. பைல் மறைகிறது, ஒரு டோக்கன் திரும்புகிறது. வாங்கியது இரண்டு, கொடுத்தது ஒன்று.

ஒரு பைலுக்கு ஒரு டோக்கன் காணாமல் போகிறது. அவ்வளவுதான் பிழை. ஸ்டாண்டில் ஒரு சைக்கிள் கூட இல்லை. ஆனால் டோக்கன் எல்லாம் தீர்ந்துவிட்டது, வாசலில் "ஹவுஸ்புல்" போர்டு தொங்குகிறது.

ஏழரை நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் பிழையை நேரில் பார்த்தேன். எங்கள் குழுவின் வேலை, டிவி திரையில் அறிவிப்புகளைக் காட்டும் ஒரு சிறு பெட்டி. உள்ளே லினக்ஸ், 1 ஜிபி ராம். பிளாஷ் மெமரியில் ஓயாமல் எழுதினால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால், மாறிக்கொண்டே இருக்கும் பைல்களை எல்லாம் டெம்ப் எப்.எஸ்.ஸில் வைத்திருந்தார்கள். 5 விநாடிக்கு ஒரு முறை புதிய அறிவிப்பு பைல் உருவாகும், பழையது அழிக்கப்படும். நல்ல சுத்தமான புரோகிராம்தான். எந்த நேரத்தில் பார்த்தாலும் போல்டரில் பத்துப் பதினைந்து பைல்களுக்கு மேல் இருக்காது.

ஆனால் வாரத்துக்கு ஒரு முறை திரை உறைந்துவிடும். பழைய அறிவிப்பே நிற்கும். லாக் பைலில் "சாதனத்தில் இடம் இல்லை" என்ற ஒற்றை வரி. ரீபூட் செய்தால் சரியாகிவிடும். ரீபூட்டில் சரியாகும் பிழையைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. ஆதாரமும் அதோடு போய்விடுகிறதே! பெட்டியை வாங்கியவர்களுக்கோ இது வெறும் எரிச்சல் அல்ல. நேற்றைய அறிவிப்பை இன்றைய அறிவிப்பு என்று நம்பி ஜனங்கள் காத்து நிற்பார்கள். ராம் சிப் மட்டமானது, சப்ளையரிடம் திருப்பி அனுப்பலாம் என்று ஒரு கட்சி. புரோகிராமில் மெமரி கசிவு என்று இன்னொரு கட்சி. இரவில் தானாக ரீபூட் ஆகும்படி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம் என்று மூன்றாவது கட்சி. உண்மையைச் சொன்னால் மூன்றாவது கட்சிதான் ஜெயிக்க இருந்தது.

எங்கள் டீம் லீடர் கேட்ட கேள்வி எளிமையானது: "இடம் இல்லைன்னா, எந்த இடம்?" அளவைப் பார்த்தோம். 500 எம்பியில் 1 எம்பி கூட நிறையவில்லை. பிறகு ஐநோட் எண்ணிக்கையைப் பார்த்தோம். இருப்பது பத்துப் பதினைந்து பைல்கள். கணக்கு காட்டுவதோ ஒரு லட்சத்துக்கு மேல். 5 விநாடி கழித்து மறுபடி பார்த்தால் ஒன்று கூடியிருக்கிறது. இன்னும் 5 விநாடி, இன்னும் ஒன்று. தண்ணீர் மீட்டர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

கணக்குப் போட்டோம். 1 ஜிபி ராமில் பக்கங்கள் 2,62,144. அதில் பாதி 1,31,072. 5 விநாடிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 17,280. வகுத்துப் பாருங்கள்: ஏழரை நாள்! சனி பகவான்தான் பிடித்திருக்கிறார் என்று அலுவலகத்தில் ஒரே சிரிப்பு. ஆனால் "வாரத்துக்கு ஒரு முறை" என்ற புகாரும் இந்த எண்ணும் பொருந்தியபோது, ராம் சிப்பின் மீது இருந்த சந்தேகம் அன்றோடு தீர்ந்தது. வன்பொருள் கெட்டால் இப்படி நேரம் தவறாமல் கெடாது.

தீர்வு ஏற்கனவே வந்திருந்தது. 2019 பிப்ரவரியில் டாரிக் வாங் என்ற கெர்னல் புரோகிராமர் இதைச் சரி செய்திருந்தார். டெம்ப் எப்.எஸ். பகுதியைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வரும் ஹ்யூ டிக்கின்ஸின் ஒப்புதலும் அதில் உண்டு. திருத்தம் என்ன? ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். பைலுக்கு ஏற்கனவே பெயர் இருந்தால் மட்டும் புதிய டோக்கன் எடு; பெயரே இல்லை என்றால் எடுக்காதே.

இங்கே ஒரு கிளைக் கதை. அந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்ததில் இன்னொரு பிழை நுழைந்துவிட்டது. டோக்கன் எடுக்கும் பகுதிதான் "வேலை நல்லபடி முடிந்தது" என்ற விடையையும் ஒரு மாறியில் எழுதி வைத்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போனால் அந்த மாறியில் என்ன இருக்கும்? எதுவும் இருக்கலாம். பெயர் சூட்டுவது ஒழுங்காக முடிந்தாலும், தோற்றுவிட்டது என்று புரோகிராமுக்குத் தப்பான விடை போகலாம். அடுத்த சில நாட்களிலேயே, அந்த மாறிக்குத் தொடக்கத்திலேயே பூஜ்யம் கொடுத்து அதையும் சரி செய்தார்கள். 2019 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.0-ல் இரண்டு திருத்தங்களும் உண்டு. எங்கள் பெட்டியில் கெர்னலைப் புதுப்பித்ததும் எண்ணிக்கை நகராமல் நின்றது.

ஐந்தரை ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது எப்படி என்று கேட்கலாம். இந்த வசதியைப் பயன்படுத்தும் புரோகிராம்கள் குறைவு. அதிலும் டிஸ்கை விட்டுவிட்டு டெம்ப் எப்.எஸ்.ஸில் பயன்படுத்துபவை இன்னும் குறைவு. வீட்டுக் கம்ப்யூட்டரை நாம் இரவில் அணைத்துவிடுகிறோம்; கணக்கு தினமும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். அணைக்காமல் ஓடும் பெட்டிகளில்தான் இது தலைகாட்டும்.

நம் வீட்டில் என்ன பார்ப்பது?

இந்தக் குறிப்பிட்ட பிழை போய்விட்டது. ஆனால் மெமரி பைல்களின் கணக்கு நம்மைக் குழப்பும் இடங்கள் வேறும் உள்ளன. அவற்றில் சில பிழையே அல்ல, புரிதல் சம்பந்தப்பட்டவை.

முதலில் லைவ் பென் டிரைவ். கம்ப்யூட்டரில் விண்டோஸ் கிளம்பவில்லை. லினக்ஸை பென் டிரைவிலிருந்து பூட் செய்து, ஹார்ட் டிஸ்கில் உள்ள கல்யாண போட்டோக்களை டெஸ்க்டாப்புக்குக் காப்பி செய்கிறீர்கள். அந்த டெஸ்க்டாப் எங்கே இருக்கிறது? வழக்கமான லைவ் முறையில் அது மெமரிக்குள் இருக்கிறது. 4 ஜிபி ராம் உள்ள மெஷினில் 2 ஜிபி நிறைந்தவுடன் "இடம் இல்லை" என்று வரும். அதைவிட மோசம், நிறையாமல் இருந்தால்! எல்லாம் காப்பி ஆகிவிட்டது என்று நிம்மதியாக ஷட்டவுன் செய்வீர்கள். காப்பி செய்தது அத்தனையும் போய்விடும். அந்த நம்பிக்கையில் ஹார்ட் டிஸ்கையும் பார்மட் செய்துவிட்டால் போட்டோக்களை மறந்துவிட வேண்டியதுதான். எனவே இரண்டாவதாக ஒரு பென் டிரைவையோ வெளி ஹார்ட் டிஸ்கையோ செருகி, அதில் காப்பி செய்திடவும். காப்பி செய்ததை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே பார்மட் பற்றி யோசிக்கவும்.

இரண்டாவது, மெமரி எங்கே போனது என்ற குழப்பம். சிஸ்டம் மானிட்டரில் ஒவ்வொரு புரோகிராமும் எடுத்துள்ள மெமரியைக் கூட்டிப் பார்த்தால், மொத்தமாகச் செலவான மெமரியைவிடக் குறைவாக வரும். டெம்ப் எப்.எஸ்.ஸில் உள்ள பைல்கள் எந்த புரோகிராமின் பெயரிலும் எழுதப்படாததே ஒரு காரணம். லினக்ஸ் இவற்றை "கேச்" என்ற தலைப்பின் கீழ் சேர்க்கிறது. கேச் என்றால் தேவைப்படும்போது விட்டுவிடக்கூடியது என்று பலரும் நினைக்கிறார்கள். டிஸ்கில் பிரதி உள்ள பைல்களுக்கு அது சரி. டெம்ப் எப்.எஸ். பைலுக்கு வேறு பிரதி ஏது? ஸ்வாப் பகுதிக்கு அனுப்பலாமே தவிரத் தூக்கி எறிய முடியாது. காலி மெமரியையும் கேச்சையும் கூட்டி "இவ்வளவு மிச்சம்" என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தார்கள். இதற்காகவே 2014-ல் வந்த 3.14 கெர்னலில் "அவைலபிள்" என்ற தனி எண்ணைச் சேர்த்தார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

மெமரி முற்றிலும் தீர்ந்தால் கெர்னல் ஏதாவது ஒரு பெரிய புரோகிராமைக் கொன்று இடம் தேடும். பெரும்பாலும் மாட்டுவது உங்கள் பிரவுசர். ஆனால் இடத்தை அடைத்திருப்பது டெம்ப் எப்.எஸ். பைல் என்றால், யாரைக் கொன்றாலும் அது அசையாது. வரம்பை மிகப் பெரிதாக வைத்தால் மெஷினே முடங்கிவிடும் என்று கெர்னலின் சொந்தக் கையேடே எச்சரிக்கிறது.

உங்கள் மெஷினில் நிலவரம் என்ன என்று பார்க்க, டெர்மினலைத் திறந்து டி, எப் என்ற இரண்டு ஆங்கிலச் சிறிய எழுத்துக்களை டைப் செய்து என்டர் தட்டவும். ஒவ்வொரு பைல் சிஸ்டத்தின் அளவும் வரும். அதையே மறுபடி டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ஐ என்ற சிறிய எழுத்தும் சேர்த்தால் ஐநோட் எண்ணிக்கை வரும். "இடம் இல்லை" என்று மெசேஜ் வந்தால் இரண்டையும் பாருங்கள். அளவில் இடமிருந்து ஐநோட் 100 சதவீதம் என்று காட்டினால் குட்டி பைல்கள் குவிந்திருக்கின்றன என்று அர்த்தம். அளவு நிறைந்தும் போல்டரில் எதுவும் தெரியவில்லை என்றால், அழித்த பைலை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. புரோகிராம்களை மூடிப் பாருங்கள், இடம் திரும்பிவிடும்.

டி.எம்.பி. என்ற தற்காலிக டைரக்டரியை 2013 ஜனவரியில் வந்த பெடோரா 18 மெமரிக்கு மாற்றியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ம் அப்படியே மாறிவிட்டது. டெபியன் 12-லிருந்து மேம்படுத்தியவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். பழைய டி.எம்.பி.யில் இருந்த பைல்கள் அழிந்துவிடவில்லை. புதிய டெம்ப் எப்.எஸ். அவற்றின் மேல் போர்வை போல் மூடிக்கொள்கிறது. போல்டரில் தெரியாமல் டிஸ்கில் இடம் பிடித்துக்கொண்டிருக்கும். மேம்படுத்தும் முன்பே அந்த டைரக்டரியைக் காலி செய்துவிடுவது நல்லது. மாற்றமே வேண்டாம் என்றால் பழைய முறைக்குத் திரும்பும் கட்டளை அந்த வெளியீட்டுக் குறிப்பிலேயே உள்ளது.

4 ஜிபி, அதற்கும் குறைவாக ராம் வைத்திருப்பவர்கள் வீடியோ எடிட்டிங், டிவிடி இமேஜ் போன்ற பெரிய வேலைகளுக்கு டி.எம்.பி.யை நம்ப வேண்டாம். வார் டைரக்டரிக்குள் இன்னொரு டி.எம்.பி. உள்ளது. அது வழக்கமாக டிஸ்கில்தான் இருக்கும், ரீபூட் செய்தாலும் பைல்கள் நிற்கும். புரோகிராமின் செட்டிங்ஸில் தற்காலிக போல்டர் என்று கேட்கும் இடத்தில் அதைக் கொடுங்கள். புதிதாக நிறுவிய டெபியன் 13 அங்கே 30 நாள் தொடாத பைல்களைத் தானாகவே நீக்கிவிடும். மெமரியில் உள்ள டி.எம்.பி.க்கு 10 நாள்.